அந்த ஜாடிகளை மஞ்சள் பையில் போடாதீர்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் அவர்களுக்கும், நோயியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை மாலை துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை நின்ற இடத்திலேயே நான்கு முறை படித்தேன். இரண்டாம் மாடியில் இருக்கும் மியூசியம் காலி செய்யப்பட்டு அங்கே ஸ்கில் லேப் (மாதிரி உடல்களில் பயிற்சி எடுக்கும் கூடம்) வருகிறது. ஜாடிகளில் இருக்கும் உறுப்புகள் மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். பிணவறையை ஒட்டி நம் துறைக்கு என்று இருந்த பிரேதப் பரிசோதனை அறை, 'பயன்பாட்டில் இல்லாததால்', ஸ்டோர் ரூம் ஆகிறது. பி.ஜி. (முதுநிலை) மாணவர்களின் கிராஸிங் போஸ்டிங், அதாவது ஆபரேஷனில் எடுத்த உறுப்பைக் கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து ஸ்லைடுக்குத் துண்டு எடுக்கும் பயிற்சி, பாதியாகக் குறைக்கப்பட்டு, மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் ஸ்லைடு வகுப்பு. மூன்று பத்தி, ஒரு கையெழுத்து, லாரி வரும் தேதி. அவ்வளவுதான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஜாடிகளைப் பல வருஷங்களாகத் துடைத்து, கசிவு பார்த்து, திரவம் மாற்றி வைத்துவரும் டெக்னீஷியன் அண்ணாவிடமும் கேட்கவில்லை. அவருக்கே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பி.ஜி. மாணவர்கள் 11 பேர் கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு மனு கொடுத்தோம். 'முடிவு எடுக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை, உங்கள் பெயர்களையும் எழுதவில்லை, உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்களில் இரண்டு பேர் தமிழ் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதோடு சிவாஜிநகரிலிருந்தும் அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் நம் வார்டுகளுக்கு வருகிற எத்தனையோ குடும்பங்களின் மொழி இது. இந்த முடிவு அவர்களுக்கும் சம்பந்தப்பட்டது. இதையே கன்னடத்திலும் எழுதித் தர ஒரு தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

முதலில் 214ஆம் ஜாடியைப் பற்றிச் சொல்கிறேன்.

எம்.டி. முதலாம் ஆண்டில் எனக்கு மியூசியம் கேட்டலாக் வேலையைத் தந்தீர்கள். பழைய ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணையும் ஜாடியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, மங்கிய லேபிளைப் புதிதாக எழுதி ஒட்ட வேண்டும். 500க்கு மேல் ஜாடிகள். ஒரு மாதம் ஆனது. 214 ஒரு வலது நுரையீரல், நெடுக்காக வெட்டியது. லேபிளில் மை பழுப்பாகிப் போயிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது: ஆண், வயது 52, தொழில் சுரங்கம், ஊர் கோலார் தங்கவயல். பெயர் இல்லை.

எனக்கும் ஊர் தங்கவயல்தான். என் தாத்தா பாறையில் துளை போடும் வேலையில் 31 வருஷம் பூமிக்குள் இறங்கி ஏறியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அந்த உட்காரும் விதம்தான் எனக்கு அவரைப் பற்றி இருக்கும் முதல் ஞாபகம். மூன்று முறை டி.பி. மருந்து முழுக் கோர்ஸ் சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் தேறுவார், அப்புறம் பழையபடி ஆகிவிடும். எனக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துபோனார். என்ன நோய் என்று கேட்டால் வீட்டில் 'நெஞ்சுச் சளி' என்பார்கள். எங்கள் வரிசையில் இருந்த எத்தனையோ தாத்தாக்கள் நெஞ்சுச் சளியில்தான் போனார்கள். விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்பும் என் அப்பாவுக்கு அதற்கு மேல் விசாரிக்க நேரமும் இருந்ததில்லை.

அந்த 214ஐ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நுரையீரலின் மேல் பாகம் முழுக்கச் சாம்பல் கலந்த கறுப்பில் சின்னச் சின்ன உருண்டைகள், மிளகு அளவில், பட்டாணி அளவில். மேலே போகப்போக அவை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு முஷ்டி அளவுக்குக் கட்டியாகிவிட்டிருந்தன. நுரையீரலின் வேர்ப்பகுதியில் இருக்கும் நிணநீர்க் கணு முட்டை ஓடு மாதிரி வெளி விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு படிந்து வெளுத்திருந்தது. சிலிகோசிஸ். கத்தியை வைத்தால் மணலில் வைத்த மாதிரி நெறிபடும் என்று டெக்னீஷியன் அண்ணா சொன்னார்.

சிலிகோசிஸ் பற்றி எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டிலேயே படித்து எழுதி மார்க் வாங்கியவள் நான். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா என்ற படிகத் தூசியில் மிக நுண்ணியவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல் அதை விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க முடியாது. உள்ளே இருக்கும் லைசோசோம் என்ற செரிமானப் பை கிழிந்து, அந்தச் செல் அழற்சிக்கான சமிக்ஞைகளை அனுப்பிவிட்டுச் சாகும், தூசி மறுபடியும் வெளியே வரும், அடுத்த செல் வந்து விழுங்கும். இந்தச் சுற்று நிற்காது, சுரங்கத்தை விட்டு வந்து இருபது வருஷம் ஆனாலும் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தூசியைச் சுற்றி நார் படியும், வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக. அந்த மேக்ரோஃபேஜ்கள்தான் காசநோய்க் கிருமியையும் பிடிக்க வேண்டியவை, அவை கெட்டுப்போவதால் சிலிகோசிஸ் வந்தவருக்கு டி.பி. தொற்றும் ஆபத்து பல மடங்கு. அப்படியென்றால் என் தாத்தாவுக்கு டி.பி. என்று சொன்னது பொய்யில்லாமல் இருக்கலாம், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது தொழிலால் வந்த நோய் என்று பதிவாகியிருக்கும், நஷ்ட ஈடு கேட்க ஒரு காகிதமாவது பாட்டியின் கையில் இருந்திருக்கும்.

இத்தனையும் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் அந்த ஜாடி முன்னால் நின்றபோதுதான், ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தவரின் மார்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரி பாட்டிக்கு போன் செய்து சொன்னேன். பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ சளி இல்லையா பாப்பா" என்றாள்.

அந்த ஜாடி உங்கள் பட்டியலில் 'மனித உடற்கூற்றுக் கழிவு' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பை, அப்புறம் எரிப்பு. விதி சரிதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருவதற்கு அது பொருந்தும். தங்கவயலில் சுரங்கம் இனி இல்லை. ஆனால் கல் அரைக்கும் யூனிட்டுகளிலும், கட்டிடங்களுக்குக் கிரானைட் அறுக்கும் இடங்களிலும் அதே தூசியை இன்றைக்கும் மூச்சில் இழுக்கிறார்கள், இந்த பெங்களூரைச் சுற்றிலும்தான். அவர்களில் ஒருவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. என்று மட்டும் எழுதாமல் ஒரு நிமிஷம் நின்று "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்கும் டாக்டர் வேண்டுமென்றால், அந்த டாக்டர் 214ஐப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறதே என்று சொல்கிறீர்கள். இருக்கிறது, நானும் தினமும் அதில்தான் படிக்கிறேன். டிஜிட்டல் ஸ்லைடுக்கு நான் எதிரி இல்லை, ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து நூறு ஸ்லைடு பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் பெரும்பாலும் ஒரே ஃபோகஸில் ஸ்கேன் செய்த ஸ்லைடில் மைக்ராஸ்கோப்பின் நாப்பைத் திருகுவது போல மேலும் கீழும் தேட முடியாது, ஆயில் இம்மெர்ஷனில் (எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் மிகப் பெரிதாக்கும் லென்ஸில்) ஒரு மணி நேரம் தேடி ஒரே ஒரு காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் பொறுமையும் அதில் வராது. அதைவிட முக்கியமானது, ஸ்லைடுக்கு முன்னால் நடப்பது. ஓர் உறுப்பு முழுசாக எப்படி இருக்கிறது, எங்கிருந்து துண்டு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது. தவறான இடத்திலிருந்து எடுத்த துண்டை எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நான் மியூசியத்தில் வகுப்பு எடுப்பேன். இரண்டு சிறுகுடல் ஜாடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது டைஃபாய்டு, எது டி.பி. என்று கேட்பேன். புத்தகத்தில் ஒரு வரிதான்: டைஃபாய்டு புண் குடலின் நீளவாக்கில், டி.பி. புண் குறுக்குவாக்கில். எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள், ஆறு மாதத்தில் மாற்றிச் சொல்வார்கள். ஜாடியைக் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னால் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். டைஃபாய்டு கிருமி உட்காருவது குடல் சுவரில் இருக்கும் பேயர்ஸ் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுக்களில், அவை குடலில் நீளமாகப் படுத்திருக்கின்றன, அதனால் புண்ணும் நீளமாக. காசநோய் நிணநீர்க் குழாய் வழியே பரவுகிறது, அந்தக் குழாய்கள் குடலை வளையல் போலச் சுற்றி ஓடுகின்றன, அதனால் புண்ணும் வளையமாக. வளையமான புண் ஆறும்போது சுருங்கிக் குடலை இறுக்கும், சாப்பாடு அடைத்துக்கொண்டு வாந்தியோடு வருவார்கள். நீளமான புண் இறுக்காது, ஓட்டை விழும். இரண்டு நோயாளிகள் கேஷுவாலிட்டிக்கு வேறு வேறு விதமாக வந்து சேருவதற்கான காரணம் அந்தப் புண் படுத்திருக்கும் திசையில் இருக்கிறது. இதை ஒரு முறை கையில் வைத்துப் பார்த்த பையன் மறக்க மாட்டான். நோயின் நோயியல் அடிப்படை என்று நாம் பெரிதாகப் பெயர் வைத்திருக்கும் படிப்பு இதுதானே ஐயா, வடிவத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பது.

கிராஸிங்கைப் பாதியாக வெட்டுவது பற்றியும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஆபரேஷனில் வெட்டி எடுத்த ஒரு பெருங்குடல் புற்றுநோய் ஸ்பெசிமன் எனக்கு வந்தது. சரியாக ஸ்டேஜ் சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். நான் கொழுப்பில் தேடி ஏழு எடுத்தேன், இவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். நீங்கள்தான், துறைத் தலைவர் மேடம், சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "கண்ணால தேடாதே, விரலால தேடு" என்றீர்கள். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும்வரை அந்தக் கொழுப்பைப் பிசைந்து பிசைந்து இன்னும் ஒன்பது எடுத்தேன். சில கணுக்கள் அரிசி அளவுகூட இல்லை. அந்த ஒன்பதில் ஒன்றில் புற்றுநோய் இருந்தது. அந்த ஒன்றால் நோய் இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டமானது, அவருக்குக் கீமோதெரபி கொடுக்க முடிவானது. அவர் பழ வண்டி வைத்திருப்பவர், ஃபாலோ-அப் ஃபைலில் பார்த்தேன். எனக்கு அதைக் கற்றுத் தந்த நீங்களே அந்த நேரத்தைக் குறைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனம் ஒப்பிப் போட்டிருப்பீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் அந்தப் பிரேதப் பரிசோதனை அறை.

போலீஸ் கேஸ்களைத் தடயவியல் துறை பார்க்கிறது, அது வேறு. நான் சொல்வது, ஆஸ்பத்திரியில் நோயால் இறந்தவருக்கு, குடும்பம் சம்மதித்தால், ஏன் இறந்தார் என்று தெரிந்துகொள்ள நாம் செய்யும் ஆட்டாப்ஸி. என் மூன்று வருஷத்தில் நான் நின்றது ஒன்றே ஒன்றில். பயன்பாட்டில் இல்லை என்கிறீர்கள். குடும்பத்தாரிடம் யாராவது கேட்டால்தானே பயன்பாடு இருக்கும்? கேட்பதற்கு வார்டில் யாருக்கும் நேரம் இல்லை, மனசும் வருவதில்லை, அது எனக்குப் புரிகிறது. இறந்துபோன வீட்டாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எளிதில்லை.

அந்த ஒன்று எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 34 வயசுப் பெண், மூன்று வாரக் காய்ச்சலோடு வந்து, அட்மிட் ஆன ஒன்பதாம் நாள் இறந்துபோனார். வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் பெரிதாக இல்லை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை. கடைசி இரண்டு நாள் நினைவு தப்பிவிட்டது. மெடிசின் பி.ஜி. எனக்கு போன் செய்தான், "அவங்க அண்ணன் தமிழ்தான் பேசுறார், நீ கொஞ்சம் வந்து பேசறியா" என்று. போனேன். மார்ச்சுவரி வாசலில் அவர் நின்றிருந்தார், பக்கத்தில் இறந்தவருடைய மூன்று வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது அவரே கேட்டார்: "டாக்டரம்மா, என் தங்கச்சி எதுல போனான்னு யாராச்சும் சொல்லுவீங்களா?" கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் உடம்பைத் திறக்க வேண்டும், தைத்து, குளிப்பாட்டி, முகத்துக்கு ஒன்றும் ஆகாமல் மத்தியானத்துக்குள் கொடுத்துவிடுவோம் என்றேன். அவர் வீட்டுப் பெரியவர்களோடு இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

என்-95 மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எல்லாவற்றின் மேலும் மஞ்சள் கலந்த வெள்ளையில் பொடிப் பொடிப் புள்ளிகள், தினையை இறைத்த மாதிரி. மிலியரி டி.பி. அந்த மிலியரி என்ற சொல்லே லத்தீனில் தினையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அன்றைக்குத்தான் அது ஏன் என்று தெரிந்தது. மூளையின் அடிப்பாகத்தில் பிசின் மாதிரி படிந்திருந்தது. நோய் அங்கேயும் போயிருந்தது. ஆரம்பத்தில் மிலியரி டி.பி. எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், மெடிசின்காரர்கள் மேல் பழி சொல்ல நான் இதை எழுதவில்லை.

மறுநாளே அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னோம். அந்த மூன்று வயசுக் குழந்தைக்கு டி.பி. இருந்தது. பரிசோதிக்காமல் விட்டிருந்தால், எடை ஏறாமல் இருந்ததை அம்மா இல்லாத ஏக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், அவள் மாமா போன பொங்கலுக்கு எனக்குப் போட்டோ அனுப்பினார். அந்தக் குழந்தை உயிரோடு இருப்பதற்கு நீங்கள் ஸ்டோர் ரூமாக்கும் அறைதான் காரணம். அன்றைக்கு அவர் தமிழ் பேசுபவராக இல்லாமல் இருந்திருந்தால், அல்லது எனக்கு அன்றைக்கு லீவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். இப்படி ஒரு பெண்ணின் மொழியை நம்பியா இந்த வேலை நடக்க வேண்டும்?

இந்தப் படிப்பு பிறந்ததே இறந்த உடம்பைத் திறந்து பார்த்த மேசையில்தான். 1761இல் இத்தாலிய டாக்டர் மோர்காக்னி தன் 79ஆம் வயதில் சுமார் 700 உடல்களைத் திறந்து பார்த்ததை எழுதி, நோய்க்கு உடம்பில் ஓர் இடம் உண்டு என்று காட்டினார். ஜெர்மன் டாக்டர் விர்க்கோ 1858இல் அந்த இடத்தைச் செல் வரைக்கும் கொண்டுபோனார். அவ்வளவு தூரம் போவானேன், நம் மாநிலத்திலேயே 1957இல் சிவமொக்கா காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது அவற்றைப் பரிசோதித்துத்தான் உண்ணிக் கடியால் மனிதருக்கும் வரும் கியாசனூர் காட்டு நோயின் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2020இல் கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலைத் திறந்து பார்த்த சிலர்தான் நுண்ணிய ரத்தநாளங்களில் கட்டி கட்டியாக ரத்தம் உறைந்திருப்பதைக் காட்டினார்கள். இதெல்லாம் ஸ்கேனில் முழுதாகத் தெரிந்த விஷயங்கள் இல்லை.

நம் ஊரிலேயே மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் எப்படிச் செய்கிறது என்று போய்ப் பாருங்கள். குடும்பங்களிடம் சம்மதம் வாங்கி மூளைகளைச் சேர்த்து, 1995இலிருந்து ஒரு மூளை வங்கியே நடத்துகிறார்கள். மூளை மியூசியத்தில் பொதுமக்களையே உள்ளே விட்டு, கையில் ஏந்திப் பார்க்க விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே இப்படி நடக்கும்போது, மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் கதவை மூடுகிறோம்.

நீங்கள் சொல்லும் காரணங்களைத் தட்டிக்கழிக்க மாட்டேன். உறுப்புகள் அழுகாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் ஆபத்தானது, புற்றுநோய் உண்டாக்கும் என்று நிரூபணமான பொருட்களின் முதல் பிரிவில் அது இருக்கிறது. அந்த அறையில் கண் எரிவது எங்களுக்குத்தான். ஆனால் அதற்குத் தீர்வு ஜாடியை எரிப்பது இல்லை, ஜாடியை ஒழுங்காக மூடுவது. மூடியின் சீல் போன ஜாடிகள் எவை என்று நான் கேட்டலாக் செய்தபோதே பட்டியல் கொடுத்தேன், 80 சொச்சம், அதற்குப் புது மூடியும் பசையும் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனும் கேட்டு டெக்னீஷியன் அண்ணா இரண்டு முறை இண்டென்ட் (வாங்கித் தரக் கேட்கும் படிவம்) போட்டார். வரவில்லை. கிளிசரின் கலந்த காட்சித் திரவத்துக்கு மாற்றினால் ஆவியும் குறையும், நிறமும் நிற்கும், கைசர்லிங் முறை என்று நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்கச் செய்வதுதான். காய்ந்து சுருங்கி அடையாளமே தெரியாமல் போனவை கொஞ்சம் இருக்கின்றன, அவற்றை விடைகொடுத்து அனுப்ப வேண்டும் என்று நானே சொல்வேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு இத்தனை ஜாடி தேவையில்லை என்றும் சொன்னீர்களாம். இன்ஸ்பெக்‌ஷன் ஒரு நாள். மாணவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஜாடிகளில் பழையவற்றுக்குக் குடும்பத்திடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ரெஜிஸ்டரில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு, தன் புருஷனின் நுரையீரல் ஒரு கண்ணாடிக்குள் இருப்பது தெரிந்திருக்காது. இது எனக்குச் சங்கடமான விஷயம். அதனால் எரித்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டோம், இத்தனை வருஷம் அவரை வைத்துப் படித்து டாக்டர் ஆனோம், இடம் தேவைப்பட்டதும் மஞ்சள் பையில் கட்டி அனுப்புகிறோம் என்றால் அது இரண்டாவது முறை கேட்காமல் செய்வதாகும்.

எங்கள் படிப்பை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். 2023இல் காலி இடங்களை நிரப்ப முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் தகுதியைப் பூஜ்ய பர்சன்டைல் வரை, அதாவது கடைசியாக வந்தவர் வரை, இறக்கினார்கள். வேறு கிடைக்காமல் வந்தாயா என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் மூன்று மாதத்தில் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவேன், இந்த மியூசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பட்டம் என் கைக்கு வரும். ஆகவே எனக்காகக் கேட்கவில்லை.

நான் கேட்பது இவை.

வரும் செவ்வாய்க்கிழமை லாரி வருவதை உடனே நிறுத்துங்கள். எழுத்தில் நிறுத்துங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். ஒவ்வொரு ஜாடியையும் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து, எது வைக்க வேண்டியது, எது முடியாதது என்று முடிவு செய்ய ஒரு சின்னக் குழு போடுங்கள். அதில் டெக்னீஷியன் அண்ணாவும் பி.ஜி. மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம், சம்பளம் வேண்டாம், விடுப்பும் வேண்டாம். வைக்க முடியாதவற்றைக் கழிவு என்ற கணக்கில் அனுப்பாமல், துறையில் எல்லோரும் நின்று மரியாதையோடு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

ஸ்கில் லேபுக்கு இடம் வேண்டுமென்றால் மியூசியம் ஹாலில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடிகளை நெருக்கி வைக்க முடியும், அளந்து பார்த்து ஒரு வரைபடமே போட்டு வைத்திருக்கிறோம். இண்டென்டில் கேட்ட மூடிகளையும் எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் இந்த மாதமே வாங்கித் தாருங்கள்.

கிராஸிங் போஸ்டிங்கைப் பழையபடி ஆக்குங்கள். டிஜிட்டல் ஸ்லைடு வகுப்பை அதற்கு மேல் வையுங்கள், நாங்கள் ராத்திரி எட்டு மணிக்கும் வருவோம்.

பிரேதப் பரிசோதனை அறையை ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். காரணம் தெளிவாகாத ஒவ்வொரு இறப்பிலும் குடும்பத்தாரிடம் ஆட்டாப்ஸி பற்றிப் பேச, கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது தெரிந்த ஒருவரை நியமியுங்கள். பயிற்சி கொடுத்து நியமியுங்கள், கிடைத்த பி.ஜி.யை இழுத்து விடாதீர்கள். சம்மதம் தரும் குடும்பத்துக்கு உடலை அன்றைக்கே திருப்பித் தருவோம், வண்டிச் செலவு கல்லூரியுடையது, என்ன கண்டோம் என்பதை ஒரு மாதத்துக்குள் அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்வோம் என்று விதியாக எழுதி வையுங்கள்.

214ஆம் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க அனுமதி தாருங்கள். இவர் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர், தூசியால் இறந்தவர், இவரிடமோ இவர் குடும்பத்திடமோ நாங்கள் அனுமதி கேட்கவில்லை என்று மூன்று மொழியில் எழுத வேண்டும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு நீங்கள் எல்லோரும் எங்களைச் சந்தியுங்கள். கான்ஃபரன்ஸ் ஹாலில் வேண்டாம், இரண்டாம் மாடியில் மியூசியத்திலேயே சந்திப்போம். மூன்றரை மணிக்கே கதவைத் திறந்து, ஜன்னல்களையும் திறந்துவிட்டுக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
எம்.டி. நோயியல் மூன்றாம் ஆண்டு மாணவி
பெங்களூரு